தாயும் சேயும் நலமா?

பிரசவ அறையின் கதவு திறக்கிறது. வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தைப் பார்த்து நர்ஸ் சொல்கிறார்: "தாயும் சேயும் நலம்!"

அவ்வளவுதான். கூட்டம் கலைகிறது. ஒருத்தர் சாக்லேட் வாங்க ஓடுகிறார். ஒருத்தர் ஜாதகத்துக்கு நேரம் குறிக்கிறார். குழந்தையின் எடையை ஊரே கேட்கிறது. அந்த மூன்று சொற்களில் நடுச் சொல்லை எல்லோரும் சரிபார்க்கிறோம். விரல் எண்ணுகிறோம், மூக்கு யார் ஜாடை என்று ஆராய்கிறோம். முதல் சொல்லை யாராவது சரிபார்த்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு கே.ஜி.கண்டிகை போயிருந்தேன். திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகிற பஸ்ஸில் ஏறினால் வருகிற ஊர். பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை, அங்கே வாழ்க்கைப்பட்டவள். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் வீட்டில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. கோபம் வந்தால் முழுத் தெலுங்கு. அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்து, குழந்தைக்கு நாலு மாசம் ஆகியிருந்தது. "நாலு கிலோ பையன்!" என்று வாசலிலேயே சொல்லித்தான் என்னை உள்ளே விட்டார்கள்.

மறுநாள் எல்லோரும் பூக்காவடியோடு மலைக்குக் கிளம்பினார்கள். திருத்தணி மலைக்குப் படிகள் 365. வருஷத்தின் ஒரு நாளுக்கு ஒரு படி என்பார்கள். பெண் மட்டும் வரவில்லை என்றாள்.

"படி வேணாம், ஆட்டோல வாடி" என்றாள் அக்கா.

"இல்லம்மா... நீங்க போய்ட்டு வாங்க."

"பெத்து நாலு மாசமாவுது. இன்னும் என்ன நோவு? அந்தக் காலத்துல நாங்க பெத்த பத்தாம் நாளு..." என்று அக்கா ஆரம்பித்தது வாசல் தாண்டியும் கேட்டது. நானும் வெயிலைச் சாக்குச் சொல்லித் தங்கிவிட்டேன். வீட்டில் நாங்கள் இருவரும், அக்காவின் மாமியாரும், தொட்டிலில் நாலு கிலோவும்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் உட்காருவதில்லை. ஒருபக்கமாகச் சாய்கிறாள், நிற்கிறாள், திரும்பச் சாய்கிறாள். அரை மணியில் இரண்டு தடவை பின்கட்டுக்கு ஓடினாள்.

"சித்தி, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று தொடங்கினாள். சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. காற்று பிரிவது அவளுக்கே தெரியவில்லை. வயிறு கலக்கினால் இரண்டு நிமிஷம்கூட அடக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறப் பயம். கோயிலில் நிற்கப் பயம். அடுத்த மாசம் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும். "அங்க எப்படி சித்தி?" என்றவள் அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்கும் புரிந்தது. உங்களுக்கும் புரியும்.

(இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க, பேரு போடாதீங்க" என்றாள்.)

மஞ்சள் பையில் தடுப்பூசி அட்டையோடு ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். குழந்தை நாலு கிலோ நூறு. கடைசி வரியில் ஆங்கிலத்தில், மூன்றாம் டிகிரிக் கிழிசல், தைக்கப்பட்டது என்று எழுதியிருந்தது.

"இத உனக்குச் சொன்னாங்களாம்மா?"

"தையல் போட்டிருக்கு, உப்புத் தண்ணில உக்காருன்னாங்க."

நாலு மாசமாக அந்தக் காகிதம் அவள் தலைமாட்டில்தான் இருந்தது. அவள் உடம்பைப் பற்றிய செய்தி, அவளுக்குத் தெரியாத பாஷையில்.

எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப்போவதில்லை. அது முக்கியமும் இல்லை. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த டாக்டர் ஆயுதத்தை எடுத்திருக்கிறார். எடுக்காமல் இருந்திருந்தால் தொட்டிலில் யாரும் இருந்திருக்க மாட்டார்களோ என்னவோ. செய்ததில் தப்பு சொல்ல நான் யார்? செய்த பிறகு சொல்லாமல் விட்டதுதான் என் கேள்வி.

கொஞ்சம் விவரம் சொல்கிறேன். கூச்சப்படாமல் படியுங்கள்.

குழந்தை வெளியே வருகிற வழிக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஒரு சின்னத் தசைப் பாலம் இருக்கிறது. குழந்தையின் தலை வரும்போது அது காகிதம் மாதிரி மெலிந்து விரிந்து கொடுக்கும். கொடுக்க முடியாதபோது கிழியும். தோல் மட்டும் கிழிந்தால் முதல் டிகிரி. தசையும் கிழிந்தால் இரண்டாவது. ஆசனவாயை இறுக்கி மூடுகிற வளையத் தசை வரைக்கும் போனால் மூன்றாவது. அதையும் தாண்டி மலக்குடலின் உள்தோல் கிழிந்தால் நாலாவது. இங்கிலாந்தில் எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. சுகப்பிரசவம் ஆகிற பெண்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு ஏதோ ஓர் அளவில் கிழிசல் உண்டு. மூன்றாவது, நாலாவது என்று போவது நூற்றுக்கு மூன்று பேருக்கு. தலைப்பிரசவம் என்றால் ஆறு பேருக்கு.

யாருக்கு ஆகும்? அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். முதல் பிரசவம் என்றால் வாய்ப்பு கிட்டத்தட்ட ஏழு மடங்கு. குழந்தை நாலு கிலோவுக்கு மேல் என்றால் இரண்டு மடங்குக்கும் அதிகம். குழந்தையின் முகம் முன்பக்கம் திரும்பி வந்தாலும் அப்படியே. முக்குகிற நேரம் நீண்டுகொண்டே போனாலும் ஆபத்து. தோள் சிக்கிக்கொண்டாலும் ஆபத்து. வெட்டு போடாமல் ஆயுதம் மட்டும் போட்டால் ஆறரை மடங்கு. ஆசியப் பெண் என்பதுகூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. இங்கிலாந்துக்குக் குடிபோன நம்மூர்ப் பெண்களையும் சேர்த்துத்தான்.

எங்கள் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். நாலு கிலோ. ஆயுதம். வாசலில் எனக்குப் பெருமையாகச் சொன்ன சேதிதான் அவளுடைய காயத்துக்கும் ஒரு காரணம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"கிழியுமோ என்று பயந்துதானே முன்னாலேயே கத்தரிக்கோல் போடுகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். தானாகக் கிழிந்தால் கோணல்மாணலாகப் போகும், நாமே நேராக வெட்டினால் அழகாகத் தைக்கலாம் என்று ஒரு நம்பிக்கை. 1920-ல் அமெரிக்காவில் ஜோசப் டிலீ என்ற டாக்டர் இதைத் தலைப்பிரசவங்களுக்கு வழக்கமாகவே செய்யலாம் என்று கட்டுரையே எழுதினார். உலகம் பிடித்துக்கொண்டது. நம் ஊரில் 'தலைப்பிரசவம்னா கட்டு' என்பது பல ஆஸ்பத்திரிகளில் வாய்ப்பாடு மாதிரி ஆகிப்போனது. கேட்டுச் செய்வது என்ற பேச்சே இல்லை. இடுப்பு வலியில் துடிக்கிறவளிடம் என்ன கேட்பது!

1993-ல் அர்ஜென்டினாவில் எட்டு ஆஸ்பத்திரிகளில் 2,606 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல் வெட்டு. மறுபாதிக்கு அவசியம் என்றால் மட்டும். பெரிய கிழிசல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். வெட்டாத பக்கம் 1.2 சதவிகிதம், வெட்டிய பக்கம் 1.5. ஆக, எழுபது வருஷத்துக்கும் மேலாகக் கணக்கில்லாத பெண்களுக்குப் போட்ட வெட்டில் பெரும்பங்கு தேவையே இல்லாதது. சுகப்பிரசவத்தில் வழக்கமாக வெட்டு போடுவது கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் எழுத்திலேயே சொல்லிவிட்டது. வயிற்றை மேலிருந்து அமுக்குவதும் கூடாது என்று சொன்னது. அதே சமயம், கத்தரிக்கோலை வில்லனாக்கவும் வேண்டாம். ஆயுதம் போட வேண்டிய நேரத்தில், சரியான கோணத்தில் போடுகிற வெட்டு, வளையத் தசையைக் காப்பாற்றவும் செய்கிறது. கத்தி கெட்டதா நல்லதா என்பது யார் கையில், எப்போது என்பதைப் பொறுத்தது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு சிநேகிதி. மகப்பேறு டாக்டர். ஆயிரக்கணக்கில் பிரசவம் பார்த்தவள். ஊருக்குத் திரும்பியதும் அவளிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"சொல்லியிருக்கணும்தான். ஆனா ஒண்ணு யோசி. பிரசவத்துக்கு முன்னாடியே ஒவ்வொருத்திகிட்டயும் 'இப்படிக் கிழியலாம், அடக்க முடியாமப் போகலாம்'னு சொன்னா என்ன ஆகும்? பத்துல அஞ்சு பேர் 'டாக்டர், சிசேரியனே பண்ணிடுங்க'ம்பாங்க. அதுல ஆபத்து இல்லியா? முதல் பிரசவத்தை யாராலயாவது ரெண்டாவதா மாத்த முடியுமா? மாத்த முடியாததைச் சொல்லிப் பயமுறுத்தி என்ன பிரயோஜனம்?"

இது சாமானியமான வாதம் இல்லை. தமிழ்நாட்டில் ஏற்கெனவே நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொன்ன கணக்கு. தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. பயத்தை விற்றால் வாங்க ஆள் இருக்கிறது.

சரியாக இதே வாதத்தை லண்டனில் ஓர் உச்ச நீதிமன்றமே விசாரித்தது. ஸ்காட்லாந்தில் நடீன் மான்ட்கோமரி என்று ஒரு பெண். குள்ளமான உருவம், சர்க்கரை நோய், வயிற்றில் பெரிய குழந்தை. தோள் சிக்கிக்கொள்ள நூற்றுக்கு ஒன்பது பத்து வாய்ப்பு இருந்தது. டாக்டர் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள், அது தாய்க்கு நல்லதல்ல என்பதுதான் அவர் தரப்பு. என் சிநேகிதி சொன்னதேதான்! 1999-ல் குழந்தை பிறக்கும்போது தோள் சிக்கியது. மூளை பாதித்தது. 2015-ல் தீர்ப்பு வந்தது. அவளுடைய நிலையில் இருக்கும் ஒரு சாதாரணப் பெண் எதை முக்கியம் என்று நினைப்பாளோ, அதை டாக்டர் சொல்லியாக வேண்டும். எது முக்கியம் என்று தீர்மானிக்கிற உரிமை டாக்டருடையது அல்ல, அவளுடையது என்றது கோர்ட்.

நம் சுப்ரீம் கோர்ட்டிலும் 2008-ல் ஒரு தீர்ப்பு உண்டு. சமீரா கோலி என்ற டெல்லிப் பெண்ணின் வழக்கு. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்த பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டு எடுத்துவிட்டார்கள். நோயாளி மயக்கத்தில்தானே இருக்கிறாள், உயிருக்கு அவசரம் இல்லையே, விழிக்கும் வரை காத்திருந்து அவளையே கேட்டிருக்க வேண்டாமா என்றது கோர்ட். அம்மாவே ஆனாலும் அவளுடைய சம்மதம் மகளுடைய சம்மதம் ஆகாது.

இதைப் படிக்கும்போது எனக்குத் திண்டிவனம் ஞாபகம் வந்தது. 1890-களில் ஓர் இரவு. அமெரிக்கப் பாதிரியார் வீட்டுக் கதவை மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தட்டுகிறார்கள். மூவர் வீட்டிலும் பிரசவத்தில் மனைவி தவிக்கிறாள். பாதிரியாரின் மகள் ஐடாவைக் கூப்பிடுகிறார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பாதான் டாக்டர்" என்கிறாள் அவள். ஆண் டாக்டரா, வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போகிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் ஐடா ஸ்கடரை டாக்டராக்கியது. 1900-ல் அவர் வேலூரில் ஆரம்பித்த சின்ன மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி.

இந்தக் கதையை எத்தனையோ மேடையில் கேட்டிருப்பீர்கள். ஐடாவின் தியாகத்தைச் சொல்வார்கள். எனக்கு உறுத்துவது வேறு. கதவைத் தட்டியவர்கள் மூன்று ஆண்கள். 'வேண்டாம்' என்றவர்களும் அவர்களே. உள்ளே கிடந்த மூன்று பெண்களிடம் யாராவது போய், "ஆண் டாக்டர் இருக்கிறார், வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்களா? அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாமலே போய்விட்டது.

அன்று கேள்வி உயிர். இன்று தமிழ்நாட்டில் 99 சதவிகிதத்துக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம். லட்சம் பிரசவத்துக்குத் தாய் மரணம் 54 என்று 2018-20 கணக்கு சொன்னது. பெரிய சாதனை. கிராமத்து நர்சம்மாக்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் பிழைத்தாளா இல்லையா என்று மட்டுமே கேட்டுப் பழகிய வாய், பிழைத்தவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க இன்னும் பழகவில்லை.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தாய்மையைப் பற்றி எத்தனை பாட்டு, எத்தனை வசனம்! பிரசவம் பெண்ணுக்கு மறுஜென்மம் என்போம். மறுஜென்மம் எடுத்தவள் எந்த மாதிரி உடம்போடு வந்திருக்கிறாள் என்று விசாரிக்க மாட்டோம். புகழ்ச்சியும் ஒருவகை லஞ்சம்தானோ என்று எனக்குச் சமயத்தில் தோன்றும். "நீ தெய்வம்மா" என்று சொல்லிவிட்டால் தெய்வம் போய் மூலவியாதி, தையல் என்றெல்லாம் பேச முடியுமா?

அந்த இடத்துக்குச் சொல்லும் இல்லை. 'கீழ', 'அடியில' என்று கையை ஆட்டிக் காட்டுகிறோம். வேடிக்கை என்னவென்றால், யோகத்தில் அதே இடத்துக்கு மூலாதாரம் என்று பெயர். ஆறு ஆதாரங்களில் முதலாவது. பிள்ளையாருக்கே அங்கேதான் ஆசனம். சித்தர்கள் எருவாய், கருவாய் என்று கூச்சப்படாமல் அடையாளம் சொன்னார்கள். யோகியின் உடம்பில் மூலாதாரம். பெற்றவள் உடம்பில் வாயில் வராத இடம்.

திருத்தணி தத்துவ மேதை டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த மண். 1888. பிறப்பு, இறப்பு, ஆன்மா என்று எவ்வளவோ எழுதியவர். தத்துவவாதிகளில் பிரசவத்தை நினைத்துப் பார்த்தவர் என்றால் எனக்குத் தெரிந்து சாக்ரடீஸ்தான். அவருடைய அம்மா மருத்துவச்சி. "நானும் அம்மா தொழில்தான் செய்கிறேன், மற்றவர்கள் மனசில் இருக்கும் எண்ணத்தைப் பிரசவம் பார்க்கிறேன்" என்ற பொருளில் பேசுவார். எப்படிப் பார்ப்பார்? கேள்வி கேட்டு. பதில் எதிராளி வாயிலிருந்துதான் வர வேண்டும்.

என் சிநேகிதிக்கு நான் சொன்ன பதில் இதுதான். மாற்ற முடியாததைச் சொல்லி என்ன பிரயோஜனம் என்றாய். சரி, முதல் பிரசவத்தை மாற்ற முடியாது. ஆனால் முப்பத்தஞ்சு வாரத்துக்கு மேல் அந்தத் தசையை எண்ணெய் விட்டு நீவிக்கொள்ளச் சொல்லலாம். தலை வரும் நேரத்தில் வெந்நீர்த் துணி வைத்தால் பெரிய கிழிசல் குறைகிறது என்று ஆராய்ச்சி சொல்கிறது. அதற்கு என்ன செலவு? அவசரப்படுத்தாமல், 'இப்ப முக்காதம்மா, மூச்சு விடு' என்று சொல்கிற ஒரு குரல் வேண்டும். எல்லாம் செய்தும் கிழியலாம். கிழிந்த பிறகு சொல்லலாமே? சரியாகத் தைத்தால் நூற்றுக்கு அறுபது முதல் எண்பது பேர் ஒரு வருஷத்தில் தொந்தரவு இல்லாமல் ஆகிவிடுகிறார்கள் என்று உங்கள் புத்தகமே சொல்கிறது. அந்த நல்ல சேதியையும் சேர்த்துத்தானே அவளிடம் மறைத்துவிட்டீர்கள்? சொல்லியிருந்தால் இறுக்கி விடுகிற பயிற்சியைச் செய்திருப்பாள். ஆறாவது வாரம் வந்து காட்டியிருப்பாள். அடுத்த குழந்தை எப்படி என்று யோசிக்க அவளுக்கு ஒரு வழி இருந்திருக்கும். நாலு மாசமாக 'என் உடம்புதான் அசிங்கம்' என்று நினைத்துக்கொண்டு மூலையில் சாய்ந்திருக்க மாட்டாள்.

பயமுறுத்துவதும் சொல்வதும் ஒன்றா என்ன? 'சிசேரியன் கேட்பார்கள்' என்பது அவளுக்குப் புத்தி இல்லை என்பதன் மரியாதையான வடிவம். இரண்டு பக்கத்து ஆபத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, அதற்கப்புறமும் ஒருத்தி கேட்டால் அது அவள் முடிவு. பிடிக்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும்.

சிநேகிதி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை டெலிவரி பாக்கறோம்னு உனக்குத் தெரியுமா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு நர்ஸ் மூன்று மேஜையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்து பேசு என்று நான் ஃபேனுக்கடியில் இருந்து எழுதுவது சுலபம்.

கே.ஜி.கண்டிகையில் அன்று இன்னொன்றும் நடந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைத் திண்ணைப் பக்கமிருந்து அக்காவின் மாமியார் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். உள்ளே வந்து கதவோரம் உட்கார்ந்தார்.

"ஏம்மா, அதுக்கு வைத்தியம் இருக்குதா?" என்றார் என்னைப் பார்த்து.

"இருக்கு அத்தை. காட்டினா சரி பண்ணுவாங்க."

"எனக்கு மூணாவது பெத்தப்போலேர்ந்து அப்படித்தான். இவ அப்பன் பொறந்தப்போ. வெளியில தங்கறதுன்னா மொத நாளே சோறு துண்ண மாட்டேன்."

பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் ஆயா, யார்கிட்டயும் சொல்லலியா?"

"சிக்கு" என்றார் அவர்.

தெலுங்கில் அதற்கு வெட்கம் என்று பொருள். தமிழில் சிக்கு என்றால் பிரிக்க முடியாத முடிச்சு.

மறுவாரம் பெண்ணையும் மஞ்சள் பையையும் கூட்டிக்கொண்டு வேறு ஒரு டாக்டரிடம் போனோம். பாட்டியும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். காலையிலிருந்து இருவரும் எதுவும் சாப்பிடவில்லை. டாக்டரம்மா சீட்டைப் படித்துவிட்டு, வெள்ளைத்தாளில் வட்டம் போட்டு, எங்கே கிழிந்தது, எங்கே தைத்தார்கள், இனி என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நாளாகும் என்று தமிழில் சொன்னார். பெண் மூன்று கேள்வி கேட்டாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"அடுத்தது யாரு?" என்றார் டாக்டரம்மா. பாட்டி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார்.